15 வயது மகளுக்கு பீரியட்ஸ் 60, 80 நாள் தள்ளிப்போகிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கேள்வியின் சுருக்கம் இது. மகளுக்கு 15 வயது முடிந்துவிட்டது, 12 வயதில் பெரியவளானாள். கடந்த ஒரு வருடமாக 55 நாள், 70 நாள், 80 நாள் என்று தள்ளித் தள்ளி வருகிறது. கடைசியாக வந்தபோது 12 நாள் நிற்கவே இல்லை. உயரம் 158 செ.மீ., எடை 66 கிலோ. தாடையில் பரு, மேலுதட்டிலும் முகவாயிலும் முடி, பின்கழுத்தில் கருப்பு. ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை ஆரம்பிக்கலாமா, பாட்டி சொல்லும் உளுந்தங்களி போதுமா, பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

முதலில் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து ஓரமாக வையுங்கள். வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும் வரை ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். (நீர்க்கட்டி என்று பொதுவாகச் சொல்லும் சினைப்பை ஹார்மோன் கோளாறு) என்று முடிவு கட்டக் கூடாது என்று 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. 2023-ல் திருத்தியபோதும் இந்த வயதில் ஸ்கேன் வேண்டாம் என்றே சொல்கிறது. காரணம் எளிது. இந்த வயதில் சினைப்பையில் 2 முதல் 9 மி.மீ. அளவில் நிறைய சின்னச் சின்னப் பைகள் இருப்பது இயல்பு. ஒவ்வொன்றும் முட்டை வளர ஆரம்பித்து பாதியில் நின்ற பை. அது கட்டி அல்ல, வெடிக்காது, புற்றுநோயாகாது, அறுத்து எடுக்க வேண்டியதும் இல்லை. "நீர்க்கட்டியைக் கரைக்கும்" என்று விற்கும் எந்தப் பொடிக்கும் இங்கே வேலை இல்லை. சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும், ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையும் இந்த வயதில் நோயை உறுதிசெய்யப் பயன்படாது.

அதற்காக உங்கள் மகளுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. ஸ்கேன் சொல்லாததை நாட்கணக்கும் கழுத்தும் சொல்கின்றன.

நாட்கணக்கை எப்படிப் போடுவது என்பதிலேயே பல வீடுகளில் குழப்பம். ரத்தப்போக்கு சரியாக ஆரம்பித்த நாள்தான் முதல் நாள். அதற்கு முன்னால் உள்ளாடையில் லேசாகக் கறை பட்ட நாளைச் சேர்க்கக் கூடாது. அந்த முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ண வேண்டும். நின்ற நாளிலிருந்தோ தலைக்குக் குளித்த நாளிலிருந்தோ எண்ணினால் கணக்கு நாலைந்து நாள் தவறும். மார்ச் 3, ஏப்ரல் 14, மே 19, ஜூலை 1 என்று வந்தால் ஜூன் மாதம் முழுக்க வரவில்லை என்று வீடே பதறும். எண்ணிப் பார்த்தால் 42, 35, 43 நாள். வயதுக்கு வந்து ஒன்றரை வருடமான பெண்ணுக்கு இது இயல்பான கணக்கு.

வயதுக்கு வந்த முதல் வருடத்தில் ஒழுங்கில்லாமல் வருவது சகஜம், ஏனென்றால் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் ஏற்பாடு இன்னும் பழகவில்லை. ஒரு வருடம் தாண்டியபின் 3 வருடம் வரை 21 நாளுக்குக் குறைவாகவோ 45 நாளுக்கு மேலாகவோ தொடர்ந்து வந்தால் பார்க்க வேண்டும். 3 வருடம் முடிந்தபின் எல்லை 21 முதல் 35 நாள். வருடத்தில் 8 முறைக்குக் குறைவாக வருவதும் ஒழுங்கின்மைதான். முதல் வருடத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை 90 நாள் தாண்டினாலும் டாக்டரிடம் போக அது போதுமான காரணம். 15 வயது முடிந்தும் வயதுக்கு வரவில்லை என்றாலோ, மார்பு வளர ஆரம்பித்து 3 வருடமாகியும் வரவில்லை என்றாலோ அதுவும் அப்படியே.

உங்கள் மகளுக்கு 3 வருடம் தாண்டிவிட்டது. 55, 70, 80 எல்லாமே எல்லைக்கு வெளியே. "கல்யாணமானால் சரியாகிவிடும்" ரகப் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

இந்த வயதில் பி.சி.ஓ.எஸ். என்று சொல்ல இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்: மேலே சொன்ன கணக்குப்படி ஒழுங்கின்மை, கூடவே ஆண்ட்ரோஜன் (ஆண்களிடம் அதிகம் இருக்கும்) ஹார்மோன் மிகுதிக்கு உடம்பிலோ ரத்தத்திலோ அடையாளம். அதோடு தைராய்டு, புரோலாக்டின் (மூளையடிச் சுரப்பியில் சுரக்கும், தாய்ப்பாலுக்கான ஹார்மோன்), அட்ரீனல் சுரப்பிக் கோளாறுகள் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் "வர வாய்ப்புள்ளவள்" என்று குறித்துவைத்துக்கொண்டு தொடர்ந்து கவனிப்பார்கள். நோய் முத்திரை குத்த மாட்டார்கள்.

முடி என்றால் எல்லா முடியும் கணக்கில் வராது. கையிலும் காலிலும் இருக்கும் மெல்லிய பூனைமுடி பரம்பரை. மேலுதடு, முகவாய், நடு மார்பு, தொப்புளுக்கு மேலும் கீழும், தொடையின் மேல்பகுதி, முதுகு ஆகிய இடங்களில் கருத்துத் தடித்து நீளமாக வளர்ந்தால்தான் டாக்டர் மதிப்பெண் போடுவார். மகள் ஏற்கெனவே த்ரெடிங் செய்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். முகம் சுத்தமாக இருப்பதைப் பார்த்து "முடி இல்லை" என்று எழுதிவிடக் கூடும்.

பின்கழுத்துக் கருப்பு அழுக்கு அல்ல. எலுமிச்சை, கடலைமாவு, பீர்க்கங்கூடு என்று போட்டுத் தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும். தடவிப் பார்த்தால் வெல்வெட் துணிபோல் தடித்திருக்கும், அக்குளிலும் இருக்கலாம். ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஓடுகிறது என்பதன் அடையாளம் அது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. அதனால் பருவும் முடியும் வருகின்றன, முட்டையும் முழுதாக வளர்ந்து வெளிவருவதில்லை. முட்டை வெளிவராவிட்டால் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. அது இல்லாமல் கர்ப்பப்பையின் உள்பூச்சு இரண்டு மூன்று மாதம் தடித்துக்கொண்டே போய், தாங்காத கட்டத்தில் துண்டு துண்டாக உதிரும். 80 நாள் வராமல் இருந்ததற்கும், வந்தபோது 12 நாள் நிற்காமல் போனதற்கும் காரணம் இதுதான். இரண்டும் தனித்தனிப் பிரச்சினை அல்ல.

அடுத்தது பரிசோதனை. டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), புரோலாக்டின், மொத்த டெஸ்டோஸ்டிரோன், காலையில் எடுக்கும் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் (பிறவியிலேயே வரும் ஓர் அட்ரீனல் கோளாறு அச்சு அசலாக பி.சி.ஓ.எஸ். மாதிரியே நடிக்கும், அதைப் பிரித்தறிய இது), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பு), கொழுப்பு அளவு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். கேட்டால் அதையும் எடுக்கலாம். ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்து நோயைச் சொல்வது பழைய கதை. வெறும் வயிற்று இன்சுலின் அளவும் தேவையில்லை, கழுத்தைப் பார்த்தாலே போதும். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவார்கள். பீரியட்ஸ் தள்ளிப்போகும் எல்லோருக்கும் எழுதும் வழக்கமான பரிசோதனை அது. அங்கேயே டாக்டரிடம் கோபப்பட்டு எழுந்து வர வேண்டாம். மகளிடம் 5 நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டர் கேட்டாலும் அப்படித்தான், விட்டுவிடுங்கள்.

ரத்தம் கொடுக்க ஏற்ற நேரம் பீரியட்ஸின் 2 முதல் 5-ம் நாளுக்குள், காலை, வெறும் வயிறு. மாதக்கணக்கில் வராதவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்த நாளிலும் கொடுக்கலாம். ரிசல்ட்டைக் கெடுக்கும் மாத்திரைகள் சில உண்டு. முடி கொட்டுவதற்கென்று வாங்கிப் போடும் பயோட்டின், தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். வாயுத் தொல்லைக்குத் தரும் கலப்பு மாத்திரைகளில் டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ இருக்கும்; இவை புரோலாக்டினை ஏற்றிவிடும். ஊசிக்குப் பயந்து அழுதாலும் புரோலாக்டின் சற்று ஏறும். ஆகவே கொஞ்சம் கூடுதலாக வந்தால் அரை மணி நேரம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி எடுக்க வேண்டும்; உடனே மூளை ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவாக இருந்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவு தப்பாகக் கூடுதல் காட்டும் என்பதால்தான் குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனையைச் சொன்னேன். 2 மணி நேர அளவு 140-க்குள் இருந்தால் நல்லது. 140 முதல் 199 என்றால் சர்க்கரை நோயின் முன்நிலை.

12 நாள் போனதால் ஹீமோகுளோபினைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை ரத்தசோகை வராமல் தடுக்கத்தான். ஏற்கெனவே வந்துவிட்டால் டாக்டர் தரும் அளவு வேறு. எலுமிச்சைச் சாறோடு போடலாம். டீ, காபி, பாலுக்கு 2 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மலம் கருப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது; சேமிப்பு நிரம்ப அதற்குப் பிறகும் 3 மாதம் போட வேண்டும். வயதுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே அதிக ரத்தப்போக்கு, அடிக்கடி மூக்கில் ரத்தம், பல் பிடுங்கினால் நிற்காமல் போவது ஆகியவையும் இருந்தால் ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இனி மருந்து. முதல் வேலை கர்ப்பப்பையின் உள்பூச்சு தடித்துக்கொண்டே போகாமல் பார்ப்பது. 90 நாளுக்கு மேல் உதிராமல் விடக் கூடாது. இதற்கு எளிய வழி, டாக்டர் சொல்படி மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் 10 மி.கி. தினம் ஒன்று, 10 நாள். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும். இது மூலகாரணத்தைச் சரிசெய்யாது, பருவையும் முடியையும் குறைக்காது. உள்பூச்சை உதிர்க்கும், அவ்வளவுதான். "மாத்திரை போட்டால்தான் வருகிறது" என்று குறைப்பட வேண்டாம், அதன் வேலையே அதுதான்.

பருவும் முடியும் மகளை அதிகம் வாட்டினால் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த மாத்திரை, 20 முதல் 30 மைக்ரோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன் வகை) உள்ளது, 21 நாள் போட்டு 7 நாள் விடுவது. அட்டையில் கருத்தடை மாத்திரை என்று இருப்பதைப் பார்த்து அதிர வேண்டாம். இங்கே அதை ஹார்மோன் மருந்தாகத்தான் தருகிறார்கள், பின்னாளில் கருத்தரிக்கும் திறனையும் அது கெடுப்பதில்லை. முதல் 3 மாதம் குமட்டல், இடையில் கறை படுவது இருக்கும். அதற்குப் பயந்து பாதி அட்டையில் நிறுத்தினால் ரத்தப்போக்கு இன்னும் குழம்பும். முடி குறைய குறைந்தது 6 மாதம் ஆகும். கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், தனக்கோ நெருங்கிய உறவிலோ ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்த வரலாறு இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு இந்த மாத்திரை ஆகாது. சைப்ரோடெரோன் சேர்ந்த 35 மைக்ரோகிராம் மாத்திரையை ரத்தம் உறையும் அபாயம் கருதி முதல் தேர்வாகக் கொடுப்பதில்லை. நேரே அதை எழுதினால் ஏன் என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

மெட்ஃபார்மின் இன்சுலின் பக்கத்துக்கு. "என் பிள்ளைக்குச் சுகரா?" என்று அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். இரவுச் சாப்பாட்டோடு 500 மி.கி. என்று தொடங்கி, ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் முழு அளவு போட்டால் வயிற்றுப்போக்கு வந்து, அத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

திருவிழா, கல்யாணம் என்று பீரியட்ஸைத் தள்ளிப்போட நோர்எத்திஸ்டிரோன் மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இவளுக்கு வேண்டாம். எப்போது வரும் என்றே தெரியாதவளுக்கு எந்த நாளில் ஆரம்பிப்பது? நாட்கணக்கும் குழம்பும்.

இனி சாப்பாடு. உளுந்தங்களியில் தப்பில்லை, கருப்பு உளுந்தில் நல்ல புரதம் உண்டு. தப்பு அளவில்தான். ஒரு பெரிய ஸ்பூன் நல்லெண்ணெய் சுமார் 120 கலோரி, கருப்பட்டியும் சர்க்கரைதான். வயதுக்கு வந்தபோது ஒல்லியாக இருந்த பெண்ணுக்கென்று சொன்ன களியை, 66 கிலோவில் இருக்கும் பெண்ணுக்குத் தினமும் குழிவிட்டு எண்ணெய் ஊற்றித் தந்தால் எடைதான் ஏறும். வாரம் இரண்டு நாள் சின்னக் கிண்ணம், எண்ணெய் ஒரு டீஸ்பூன் என்றால் பாட்டிக்கும் மனக்குறை இருக்காது. பச்சை முட்டை வேண்டாம். கிருமித் தொற்றுக்கு வாய்ப்புண்டு, வேகவைத்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும். வெந்தயம், எள் உணவாக இருக்கட்டும். சேர்மானம் எழுதாத "ஹார்மோன் பொடி" எதுவும் வேண்டாம்.

எடைக்கு இலக்கு 5 சதவீதம், அதாவது உங்கள் மகளுக்கு 3 கிலோ சொச்சம். மாதம் ஒரு கிலோ குறைந்தாலே போதும், பலருக்கு அதிலேயே பீரியட்ஸ் நெருங்கி வர ஆரம்பிக்கும். தினம் எடை பார்க்க வேண்டாம். மாதம் ஒருமுறை இடுப்பைத் தொப்புள் மட்டத்தில் அளந்து குறியுங்கள். உயரத்தில் பாதிக்குள், அவளுக்கு 79 செ.மீ.க்குள், வர வேண்டும்.

சோற்றை அடியோடு நிறுத்திப் பட்டினி போடுவது வேலைக்கு ஆகாது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் டியூஷனுக்கு ஓடும் பிள்ளை மாலையில் பஃப்ஸும் பரோட்டாவுமாக அதைச் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். 16 வயதை எட்டும் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். 2 முட்டையில் 12 கிராம், 2 டம்ளர் பாலிலோ தயிரிலோ 12, ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டலில் 8, பருப்பில் 7. மீதி சோற்றிலும் இட்லியிலும் வந்துவிடும். ஆனால் பருப்பு என்றால் கரண்டியில் ஏறும் பருப்பு. முக்கால்வாசி தண்ணீராக இருக்கும் ஹோட்டல் சாம்பார் கணக்கில் சேராது. சோற்றை இப்போதைய அளவில் மூன்றில் இரண்டு பங்காக்கி, குறைத்த இடத்தில் பொரியலை வையுங்கள். 250 மி.லி. குளிர்பான பாட்டிலில் சுமார் 25 கிராம் சர்க்கரை, 5 டீஸ்பூன். அதை மட்டும் நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். சத்துமாவு பானம் என்ற பெயரில் விற்பவற்றின் டப்பாவிலும் சர்க்கரை அளவைப் படித்துப் பாருங்கள்.

உடற்பயிற்சி நாளுக்கு 60 நிமிடம், அதில் வாரம் 3 நாளாவது மூச்சு வாங்கும் அளவுக்கும் தசைக்கு வேலை தரும்படியும் இருக்க வேண்டும்: ஸ்கிப்பிங், வேக சைக்கிள், உட்கார்ந்து எழுவது. 60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பள்ளியில் பி.டி. வகுப்பைக் கணக்கு டீச்சர் கடன் வாங்காமல் இருந்தால் பாதி அங்கேயே முடிந்துவிடும். தூக்கம் 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பொதுத்தேர்வு வருடத்தில் இது கஷ்டம்தான், ஆனால் இரவு 1 மணி வரை விழித்து 5 மணிக்கு எழும் பழக்கம் பசியையும் இன்சுலினையும் கெடுக்கும்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது மகள் ஒல்லியாக இருந்து, டயட் என்று சாப்பாட்டைக் குறைத்தோ கடும் விளையாட்டுப் பயிற்சியிலோ இருந்து, பீரியட்ஸ் நின்றிருந்தால், மேலே சொன்ன எடைக்குறைப்பு எதுவும் பொருந்தாது. அங்கே உடம்பு சக்தி போதாமல் ஹார்மோனை நிறுத்திவைத்திருக்கிறது. சாப்பாட்டைக் கூட்டி, பயிற்சியைக் குறைக்க வேண்டும்.

தேதி குறிக்கும் காலண்டர் மகள் கையில் இருக்கட்டும். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பேட், கட்டி கட்டியாகப் போனதா என்று மூன்றும் எழுதினால் போதும். "குண்டாயிட்டே", "மீசை முளைக்குது" என்று வீட்டுக்கு வரும் அத்தை, சித்தி சொல்லும் வார்த்தைகளை நீங்கள் முன்னால் நின்று நிறுத்துங்கள். இந்தக் கோளாறோடு மனச்சோர்வும் அதிகம் வருகிறது. சாப்பாட்டை ஒளித்துச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, அறையை விட்டு வராமல் இருப்பது தெரிந்தால் டாக்டரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதாக நனைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால், எழுந்தால் தலைசுற்றி விழுந்தால், மூச்சு வாங்கினால், அடிவயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. சில மாதங்களுக்குள் குரல் கட்டையாகி முடி மளமளவென்று வளர்ந்தால், மார்புக்காம்பில் பால் கசிந்தால், தலைவலியோடு பார்வை மங்கினால் அந்த வாரமே.

குழந்தை பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்தக் கோளாறு உள்ள பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தை பிறக்கிறது. சிலருக்கு முட்டை வெளிவர மாத்திரை உதவி தேவைப்படும். முட்டை தீர்ந்துபோகும் நோய் அல்ல இது. பீரியட்ஸ் ஒழுங்கில்லாதபோதும் எப்போதாவது முட்டை வெளிவரும் என்பதால், இவர்களுக்குக் கருவே தரிக்காது என்று நினைப்பதும் தப்பு. இப்போதைக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை காலண்டரோடு டாக்டரைப் பாருங்கள். எடை, ரத்த அழுத்தம், இடுப்பளவு பார்ப்பார்கள். சர்க்கரைப் பரிசோதனையை அவர் சொல்லும் இடைவெளியில் திரும்ப எடுங்கள். ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்க்கும் நேரம் அவள் 20 வயதைத் தொடும்போது வரும்.